கம்பனியில் இருந்துகொண்டு மனித உரிமை பார்க்க முடியுமா?

கேள்வி: அக்கா, நான் களுவாஞ்சிகுடி. சட்டக் கல்லூரி இறுதிப் பரீட்சை முடித்துவிட்டு மட்டக்களப்பில் ஒரு சீனியரிடம் பயிற்சியில் இருக்கிறேன். வணிகமும் மனித உரிமையும் பற்றி ஒரு கருத்தரங்கில் கேட்டதிலிருந்து அந்தத் துறைதான் வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது. கொழும்பில் ஓர் ஆடை உற்பத்திக் குழுமம் 'கொம்ப்ளையன்ஸ் எக்சிகியூட்டிவ்' (சட்டமும் விதிகளும் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கிற) வேலைக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது. சீனியர், "இன்னும் இரண்டு வருசம் என்னோடு நில்" என்கிறார். மாமா தொழிற்சங்கக்காரர். "கம்பனிச் சம்பளம் வாங்கிக்கொண்டு தொழிலாளிக்கு நியாயம் கதைக்கிறதா? வெள்ளையடிக்கிற வேலை அது" என்று ஏசுகிறார். வெளிநாட்டில் எல்.எல்.எம். (சட்ட முதுமாணி) செய்தால்தான் இதற்குள் போகலாம் என்று நண்பிகள் சொல்கிறார்கள். என் ஆங்கிலம் சுமார். இப்படி ஒரு தொழில் உண்மையில் இருக்கிறதா? எங்கே தொடங்குவது?

பதில்:

இருக்கிறது, தங்கச்சி. ஆனால் 'மனித உரிமைச் சட்டத்தரணி தேவை' என்று எந்தக் கம்பனியும் பத்திரிகையில் விளம்பரம் போடுவதில்லை. உங்களுக்கு வந்த அழைப்பைப் போல 'கொம்ப்ளையன்ஸ்' என்று வரும், 'சஸ்டெய்னபிலிட்டி' என்று வரும், சில இடங்களில் சட்டப் பிரிவிலோ மனிதவளப் பிரிவிலோ ஒரு மூலையில் ஒளிந்திருக்கும். ஆடைக் குழுமங்கள், அவர்களிடம் வாங்கும் வெளிநாட்டு பிராண்டுகளின் கொழும்பு அலுவலகங்கள், தேயிலைக் கம்பனிகள், ஹோட்டல் குழுமங்கள், பெரிய கடன் கொடுக்கும் வங்கிகள், தணிக்கை நிறுவனங்கள் எல்லாவற்றிலும் இந்த வேலையின் ஏதோ ஒரு துண்டு இருக்கிறது. முழு வேலையும் ஒரே கதிரையில் கிடைப்பது அரிது. நானும் துண்டு துண்டாகத்தான் செய்திருக்கிறேன். முதலில் மட்டக்களப்பு நீதிமன்றங்களில் நின்றேன், பிறகு கொழும்பில் ஓர் ஏற்றுமதிக் கம்பனியின் சட்டப் பிரிவு, இப்போது திரும்பவும் ஊரில் இருந்துகொண்டு கம்பனிகளுக்கும் சனங்களுக்கும் ஆலோசனை. ஒரே விடயத்தில் இரண்டு பக்கத்துக்கும் அல்ல. அதைப் பற்றிக் கீழே கொஞ்சம் கடுமையாகச் சொல்ல இருக்கிறது.

கருத்தரங்கில் ஐ.நா. வழிகாட்டிக் கோட்பாடுகள் பற்றிச் சொல்லியிருப்பார்கள். ஹார்வர்ட் பேராசிரியர் ஜோன் ரகி தயாரித்தவை, 2011 ஜூனில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை ஏற்றுக்கொண்டது. மொத்தம் 31 கோட்பாடுகள், ஒரு பின்னேரத்தில் வாசித்து முடிக்கலாம். அரசு பாதுகாக்க வேண்டும், கம்பனி மதித்து நடக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் கிடைக்க வேண்டும் என்பது அதன் எலும்புக்கூடு. கம்பனிக்காரருக்கு அதில் புதிதாக வந்து தலையில் விழுந்தது, தன் வியாபாரத்தால் யாருக்கு என்ன கேடு வரக்கூடும் என்று தானே முன்கூட்டித் தேடிப் பார்க்க வேண்டும் என்ற பொறுப்பு. கிணறு வற்றிப்போகிற ஊரில் பிள்ளைகளுக்கு அப்பியாசக் கொப்பி கொடுத்துப் படம் எடுப்பது அதில் சேராது. நம் பக்கத்தில் பல முகாமையாளர்கள் இன்னும் அதைத்தான் சமூகப் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கோட்பாடுகள் சட்டமல்ல. ஆனால் 2013 ஏப்ரல் 24ஆம் திகதி டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் செத்த பிறகு, வாங்குகிற நாடுகள் சட்டம் போடத் தொடங்கின. பிரித்தானியாவின் நவீன அடிமைத்தனச் சட்டம் 2015இல் வந்தது, பிரான்சின் சட்டம் 2017இல், ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் எல்லா உறுப்பு நாடுகளுக்குமாக ஒரு பணிப்புரை கொண்டுவந்து, மை காயுமுன் 2025இல் அதைத் தளர்த்தவும் தள்ளிப்போடவும் தொடங்கிவிட்டது. ஆகவே 'ஐரோப்பாவில் சட்டம் வருகிறது, இனி எங்களுக்கு வேலைதான்' என்று யாராவது சொன்னால் முழுதாக நம்ப வேண்டாம். அரசியல் மாறினால் அந்தக் கதிரைகளும் குறையும். ஐரோப்பிய ஒன்றியம் தருகிற ஜி.எஸ்.பி. பிளஸ் தீர்வைச் சலுகை கொஞ்சம் நின்று பிடிக்கிற நெம்புகோல். 27 சர்வதேச உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்துவதோடு கட்டப்பட்ட சலுகை அது, 2010இல் இழந்து 2017 மே மாதத்தில்தான் திரும்ப எடுத்தோம். எங்கள் மாவட்டத்தில் தைக்கிற ஓர் உடுப்பு தீர்வை இல்லாமல் ஐரோப்பாவுக்குப் போவதும், கொழும்பில் மனித உரிமை நிலைமை எப்படி இருக்கிறது என்பதும் அந்த இடத்தில் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன.

இலங்கையில் ஜெர்மனிச் சட்டம் போல ஒன்று இல்லை. அதற்காகக் கையில் ஒன்றும் இல்லை என்று நினைக்கக் கூடாது. சுன்னாகம் வழக்கை எடுத்துப் படியுங்கள். அடிப்படை உரிமை வழக்கு அரச, நிர்வாக நடவடிக்கைக்கு எதிராகத்தான் போடலாம், தனியார் கம்பனிக்கு எதிராகப் போட முடியாது என்றுதானே படித்தீர்கள்? சுன்னாகத்தில் மின் நிலையத்தின் எண்ணெய் கிணறுகளில் கலந்தபோது, மேற்பார்வை செய்ய வேண்டிய அரச நிறுவனங்கள் கடமையில் தவறின என்ற வழியால் உள்ளே போய், 2019இல் உயர் நீதிமன்றத்திடமிருந்து அந்தத் தனியார் மின் கம்பனி 2 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்ற உத்தரவு வரை வாங்கினார்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது அங்கே வெறும் பாடப்புத்தக வசனமாக இருக்கவில்லை. வெளிநாட்டுப் பக்கம் அதே 2019இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம், சாம்பியாவில் ஒரு செப்புச் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட கிராமத்தவர்கள் தாய்க் கம்பனியான வேதாந்தா மீது லண்டனிலேயே வழக்குப் போடலாம் என்றது. தூத்துக்குடி ஸ்டெர்லைட்டால் நாம் எல்லாரும் அறிந்த அதே வேதாந்தா. 'மகள் கம்பனி செய்தது, எங்களுக்குத் தெரியாது' என்ற பதில் அதற்குப் பிறகு அவ்வளவு இலேசில் எடுபடுவதில்லை. இந்த இரண்டு தீர்ப்பையும் வாசித்துவிட்டு நேர்முகத்துக்குப் போகிறவர்கள் குறைவு.

சரி, மாமாவுக்கு வருவோம். அவர் பாதி சரி. சரியாக இருக்கிற பாதியை நீங்கள் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும்.

2012 செப்டெம்பர் 11ஆம் திகதி கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குச் சில கிழமைகளுக்கு முன்தான் அந்தத் தொழிற்சாலைக்கு தொழிலாளர் நிலைமைகளுக்கான எஸ்.ஏ. 8000 என்ற சர்வதேசச் சான்றிதழ் கிடைத்திருந்தது. கடதாசி எல்லாம் சரி, ஆட்கள் தப்பி ஓட வழி இல்லை. தணிக்கை என்பது பல இடங்களில் இப்படித்தான். தணிக்கைக்காரர் வருகிற நாள் முன்கூட்டித் தெரியும். மலசலகூடம் எத்தனை என்று அவருடைய படிவத்தில் இருக்கும், மணித்தியால டார்கட்டை விட்டு ஒரு பிள்ளை எழும்பிப் போக முடியுமா என்று இருக்காது. நேரப் பதிவு சுத்தமாக இருக்கும். உங்களைக் கூப்பிட்டிருக்கிற வேலை அந்தக் கோப்புகளைத் தணிக்கைக்குத் தயார்படுத்துகிற வேலையாக மட்டும் இருந்தால், மாமா சொன்ன சொல்லுக்கு நான் மாற்றுச் சொல் தேட மாட்டேன்.

ஆனால் வெளியிலிருந்து வருகிற தணிக்கைக்காரரோ, வாசலில் நிற்கிற தொழிற்சங்கமோ எட்ட முடியாத ஓர் இடம் கம்பனிக்குள் இருக்கிறது. அது உற்பத்தித் திட்டம் போடுகிற மேசை. மேலதிக நேரப் பிரச்சினையைப் பாருங்கள். எங்கள் தொழிற்சாலைச் சட்டத்தில் பெண்களுக்கு ஓ.டி. மாதம் 60 மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது. பிராண்டுகளின் நடத்தைக் கோவைகள் பெரும்பாலும் கிழமைக்கு மொத்தம் 60 மணித்தியாலம் என்று வேறொரு கணக்குப் போடும். முகாமையாளர் இரண்டில் எது வசதியோ அதைக் காட்டுவார். லைன் சூப்பர்வைசரை ஏசி இதைத் திருத்த முடியாது, ஏனென்றால் பிழை அவரிடம் தொடங்கவில்லை. வாங்குகிறவர் கடைசி நேரத்தில் நிறத்தை மாற்றுகிறார், ஏற்றுமதித் திகதியை மாற்ற மாட்டேன் என்கிறார், வியாபாரப் பிரிவு "ஓம், முடியும்" என்று மின்னஞ்சல் அனுப்பிவிடுகிறது. அந்த "ஓம்"தான் வாழைச்சேனைப் பிள்ளை ஒன்று இரவு ஒன்பது மணிக்கு பஸ்ஸுக்கு நிற்பதற்குக் காரணம். அந்த மின்னஞ்சல் போகுமுன் அதைப் பார்க்கிற உரிமை ஒரு சட்டத்தரணிக்கு இருந்தால் அவளால் நிறையச் செய்யலாம்.

ஒப்பந்தமும் அப்படித்தான். 2020இல் கொரோனா வந்தபோது எத்தனையோ பிராண்டுகள் தைத்து முடித்த ஓடர்களையே 'எதிர்பாராத நிகழ்வு' என்ற வாசகத்தைக் காட்டி நிறுத்தின. நட்டம் கடைசியில் சம்பளத்தில்தான் விழுந்தது. கொள்வனவு ஒப்பந்தங்களில் தொழிலாளருக்கான பொறுப்பை வாங்குகிறவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கத்தின் ஒரு குழு 2021இல் மாதிரி வாசகங்கள் எழுதி வெளியிட்டது. இலவசமாகக் கிடைக்கிறது. மனித உரிமை வேலை என்றால் மேடைப் பேச்சும் அறிக்கையும் என்று நினைத்திருந்தால், உண்மையில் அதில் பாதி இப்படி ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில் ஒரு வாசகத்துக்காக மல்லுக்கட்டுவதுதான். உங்களுக்கு ஒப்பந்தச் சட்டம் பிடிக்காது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், வேறு வழி பார்க்கலாம்.

இனிக் கடுமையாகச் சொல்ல இருந்தது. கம்பனிச் சட்டத்தரணியாக நீங்கள் இருந்தால் உங்கள் கட்சிக்காரர் கம்பனி. தையல் மேசையில் இருக்கிற பிள்ளை உங்கள் கட்சிக்காரி அல்ல. உங்கள் முகம், உங்கள் தமிழ், உங்கள் ஊர் எல்லாவற்றையும் பார்த்து அவள் உங்களை நம்புவாள். "அக்கா, உங்களிட்ட மட்டும் சொல்றன்" என்று தொடங்குவாள். அந்த இடத்தில் அவளை நிறுத்தி, "தங்கச்சி, நான் கம்பனியின் சட்டத்தரணி, நீங்கள் சொல்வதை நான் முகாமைக்குச் சொல்ல வேண்டி வரலாம், உங்கள் பெயரைச் சொல்லாமல் இருக்க என்னால் எவ்வளவு முடியும் என்பது இது" என்று முதலே சொல்லுங்கள். சொன்னால் அவள் வாய் மூடிவிடுவாள் என்று பயப்படாதீர்கள். சிலர் மூடுவார்கள், பலர் அதற்குப் பிறகும் சொல்வார்கள். சொல்லாமல் கேட்டுக்கொண்டு போய், ஆறு மாதத்துக்குப் பிறகு தொழில் நியாய சபையில் அவளுக்கு எதிரே கம்பனி சார்பில் நீங்கள் எழும்பி நின்றால், அந்தத் தொழிற்சாலையில் பிறகு ஒருத்தியும் எந்தச் சட்டத்தரணியிடமும் வாய் திறக்க மாட்டாள். அவளுக்குச் சுயாதீனமான ஆலோசனை எங்கே கிடைக்கும் என்ற விபரத்தைக் கையில் வைத்திருந்து கொடுப்பது உங்கள் கடமைக்கு விரோதமில்லை. தொழில் திணைக்களம், சட்ட உதவி ஆணைக்குழு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்தியக் காரியாலயம், தொழிற்சங்கம். ஆம், மாமாவின் சங்கமும்தான். அதைக் கொடுக்க விடாத கம்பனியில் நிற்க வேண்டாம்.

முறைப்பாட்டுப் பெட்டி என்று ஒன்று எல்லாத் தொழிற்சாலையிலும் இருக்கும். நான் பார்த்த ஒன்று மனிதவளப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு நேர் எதிரே, கெமராவுக்குக் கீழே இருந்தது. படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், லைனில் பாதிப் பேர் வாகரை, வெல்லாவெளித் தமிழ்ப் பிள்ளைகள். அந்த வருடம் முறைப்பாடே இல்லை என்று முகாமையாளர் பெருமையாக அறிக்கை எழுதியிருந்தார். ஐ.நா. கோட்பாடுகளில் 31ஆவது, முறைப்பாட்டு வழி என்றால் அது எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது: பாவிக்கிறவர்கள் அதை நம்ப வேண்டும், அவர்கள் கைக்கு எட்ட வேண்டும், என்ன நடக்கும் என்று முன்கூட்டித் தெரிய வேண்டும். அந்தப் பிள்ளைகள் உண்மையில் முறையிட்டுக்கொண்டது வீட்டுக்குப் போகிற கம்பனி பஸ்ஸுக்குள், வயதில் மூத்த ஒரு ஹெல்பர் அக்காவிடம். பெட்டியை விட்டுவிட்டு, அந்த பஸ்ஸுக்குள் ஒட்டிய ஒரு தமிழ்த் தொலைபேசி இலக்கமும், அதை எடுக்க வெளியிலிருந்து ஓர் ஆளும் என்று மாற்றினோம். அடுத்த காலாண்டில் முறைப்பாடுகள் குவிந்தன. முகாமையாளர் பதறினார். 'நிலைமை மோசமாகவில்லை, இப்போதுதான் தெரியவருகிறது' என்று மேலிடத்துக்கு விளங்கப்படுத்துவதில்தான் என் நேரத்தில் பெரும் பகுதி போனது.

இந்த வேலை ஆடையோடு முடிவதில்லை. கிழக்கில் இருக்கிற ஒருவருக்கு இது இன்னும் அகலமான வயல். கொழும்பிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது தெரிவதில்லை.

நுண்கடனை எடுங்கள். குழுக்கடன் வசூலிக்க வருகிறவர் வீட்டு வாசலில் இருந்துகொண்டு எழும்ப மாட்டேன் என்பது உங்கள் ஊரில் யாருக்கும் புதிதல்ல. 2018இல் ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் ஜுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி இலங்கைக்கு வந்தபோது இதை, பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொந்தரவு உட்பட, மனித உரிமைப் பிரச்சினையாகவே பேசினார். அதே வருடம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஓர் இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. சாதாரணமாக நாங்கள் இதில் வசூலிப்பவரைத்தான் பார்ப்போம், மிஞ்சினால் பொலிஸில் ஒரு முறைப்பாடு. கோட்பாடுகள் இன்னொரு விதமாகப் பார்க்கச் சொல்கின்றன. கேட்டை நேரடியாக விளைவித்தது யார், அதற்குத் துணைபோனது யார், தன் வியாபாரத் தொடர்பால் அதோடு இணைந்திருப்பது யார் என்று மூன்று படி. தன் ஊழியர் ஒருவர் வீட்டுக்குள் போய்ப் பெண்ணை அவமானப்படுத்தினால் கடன் நிறுவனம் முதற்படி. கிழமைக்கு இவ்வளவு வசூலிக்காவிட்டால் பணம் தர மாட்டேன் என்று அந்த நிறுவனத்தை நெருக்கிய முதலீட்டாளர் இரண்டாம் படியில் வரலாம். அவர்களுக்கெல்லாம் பணம் கொடுத்த வங்கி குறைந்தது மூன்றாம் படி. அந்த மேல் நுனியில் ஒரு சர்வதேச அபிவிருத்தி வங்கி இருந்தால், அதற்குத் தன் சொந்த நியமங்களும் முறைப்பாட்டு அலுவலகமும் இருக்கும். உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கூட்டுத்தாபனம் எட்டுச் செயற்றிறன் நியமங்கள் வைத்திருக்கிறது, பாதிக்கப்பட்டவர்கள் நேரே முறையிட ஓர் அலுவலகமும் இருக்கிறது. ஆக, மட்டக்களப்பில் ஒரு மேசையில் இருந்துகொண்டு கம்பனியின் ஆண்டறிக்கையில் 'கடன் வழங்கியோர்' என்ற பக்கத்தைத் தேடி எடுப்பதும் மனித உரிமை வேலைதான். பொலிஸ் முறைப்பாடு ஒரு வசூலிப்பவரை மாற்றும், மேலே போகிற முறைப்பாடு வசூலிக்கிற விதத்தையே மாற்றக்கூடும்.

காணி இன்னும் சிக்கல். பாசிக்குடாவிலோ பொத்துவிலிலோ ஹோட்டலுக்குக் காணி வாங்குகிற கம்பனி, காணி உறுதிப் பத்திரத்தைப் பார்த்து "கிளியர்" என்று எழுதித் தரத்தான் சட்டத்தரணியைக் கேட்கும். யுத்தம், இடப்பெயர்வு, சுனாமி எல்லாம் கண்ட கரையில் உறுதி மட்டும் பார்த்தால் போதுமா? 1990க்கு முன் அங்கே யார் இருந்தார்கள், கரைவலை இழுக்கிற பாதை எதால் போகிறது, மாடு எங்கே மேய்ந்தது என்று யார் கேட்பது? நான் சொன்ன எட்டு நியமங்களில் ஐந்தாவது, சட்டப்படி உறுதி இல்லாமல் இருக்கிறவர்களையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. இன்னொன்று. எங்கள் பக்கத்தில் வீடு வளவு மகளுக்குத்தான் போகும், கல்யாணம் முடித்த பிள்ளைக்குச் சீதனமாக. ஆனால் அரச படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்ற கட்டத்தில் கணவனின் பெயர் ஏறிவிடும். சுனாமி வீடுகளில் இது எத்தனை இடத்தில் நடந்தது என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். கம்பனி நட்டஈடு கொடுக்கும்போது காசோலையை யார் பெயரில் எழுதுவது என்பது கொழும்பு அலுவலகத்துக்கு ஒரு கணக்காளர் வேலை. களுவாஞ்சிகுடிப் பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். இந்த அறிவை எந்த எல்.எல்.எம். வகுப்பிலும் தர மாட்டார்கள்.

இங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2018இல் பெரியபுல்லுமலையில் தண்ணீர் போத்தல் தொழிற்சாலைக்கு எதிராக ஹர்த்தால் வரை போனது நினைவிருக்கும். வாகரையில் இறால் பண்ணை, திருக்கோவில் பக்கம் இல்மனைட் மண் அகழ்வு என்று எதை எடுத்தாலும் தொடக்கத்தில் அது தண்ணீரைப் பற்றியும் தொழிலைப் பற்றியும்தான் இருக்கும். சில நாட்களில் முதலாளி எந்த ஆள், வேலை எந்த ஊருக்குக் கிடைக்கும், எந்தக் கட்சி பின்னால் நிற்கிறது என்று தமிழ், முஸ்லிம், சிங்களம் கணக்குக்குள் போய்விடும். நிலத்தடி நீர் எவ்வளவு எடுக்கப்படும் என்ற கேள்வி அதில் காணாமல் போகும். கம்பனிகளுக்கு இது வசதி, ஏனென்றால் இனப் பிரச்சினை என்று சொல்லிவிட்டால் சுற்றாடல் அறிக்கையைக் காட்டத் தேவையில்லை. நீங்கள் எந்தப் பக்கத்துக்கு வேலை செய்தாலும் அந்தக் கேள்வியைக் கை விடாமல் பிடித்திருக்க வேண்டும். தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதி, அனுமதிப்பத்திரத்தின் பிரதியைக் கையில் எடுத்த பிறகு கூட்டத்துக்குப் போங்கள். கூட்டத்தின் சூடே வேறு மாதிரி இருக்கும்.

இப்போது எங்கே தொடங்குவது என்பது. என் புத்திக்கு, சீனியர் சொல்வது சரி. பிள்ளை ஊரோடு நிற்கட்டும் என்று சொல்கிற பழைய ஆட்களின் கதையாக நான் இதைச் சொல்லவில்லை. தொழில் நியாய சபையில் ஒரு பணிநீக்க வழக்கை முதல் நாளிலிருந்து கடைசி வரை நடத்திப் பார்க்காத ஒருவர், கம்பனிக்குப் போய் "இப்படி ஆளை நிறுத்த முடியாது" என்று சொன்னால் மனிதவள முகாமையாளர் சிரிப்பார். நீங்கள் குறுக்கு விசாரணை செய்த ஆளாக இருந்தால் சிரிக்க மாட்டார். சேமலாப நிதிக்கு ஊழியர் 8, முதலாளி 12 வீதம் என்று பரீட்சைக்கு எழுதியிருப்பீர்கள். அதை எந்தச் சம்பளத்தில் கணக்குப் பார்ப்பது, எந்தக் கொடுப்பனவை வெளியே ஒதுக்கி ஏமாற்றுகிறார்கள் என்பதைச் சம்பளப் பட்டியலை விரித்து வைத்து ஒரு மேசனோடோ அரிசி ஆலைத் தொழிலாளியோடோ இருந்து பார்த்தால்தான் விளங்கும். சங்கம் அமைத்ததற்காக ஆளை வேலையிலிருந்து நிறுத்துவதை நியாயமற்ற தொழில் நடைமுறை என்று கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தில் 1999இல் சேர்த்தார்கள். ஆனால் அந்த வழக்கைத் தொழிலாளி தானே போட முடியாது, தொழில் ஆணையாளர் போட வேண்டும். இந்த ஓட்டைகளை எல்லாம் தொட்டுப் பார்த்த கையோடு கம்பனிக்குள் போகிறவர் வேறு, நேரே சான்றிதழ்க் கோப்புக்குள் போகிறவர் வேறு.

அப்புறம் இரண்டு வருடம் என்றால் இரண்டு வருடம்தான். சீனியர் உங்களைத் திகதி எடுக்க மட்டும் எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தால் அதற்கு முன்பே கிளம்பலாம்.

எல்.எல்.எம். நல்லது, அவசரமில்லை. பிரித்தானிய அரசின் செவனிங் போன்ற புலமைப்பரிசில்கள் எப்படியும் வேலை அனுபவம் கேட்கும். கையில் மூன்று நான்கு வழக்கின் கதையோடு விண்ணப்பிக்கிறவருக்கும் ஆர்வம் மட்டும் இருக்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் விண்ணப்பத்தின் முதற் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அதுவரை வணிக, மனித உரிமைகள் வள மையத்தின் இணையத்தளத்தை வாசியுங்கள், உலகம் முழுவதும் கம்பனிகள் மீது வரும் குற்றச்சாட்டுகளும் கம்பனிகளின் பதில்களும் அங்கே கிடைக்கும். ஆங்கிலத்துக்கும் அதுவே நல்ல பயிற்சி. உங்கள் கடிதத்தில் ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள், சிங்களத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆங்கிலம் எழுத வேண்டும், அது மெல்ல மெல்ல வரும். தொழிற்சாலை முகாமையாளரோடும் தொழில் அதிகாரியோடும் நாளாந்தம் வாதாடுவது சிங்களத்தில். மூன்று பாஷையும் தெரிந்த சட்டத்தரணி இந்தத் துறையில் மிகக் குறைவு, அந்த இடம் உங்களைப் போன்றவர்களுக்காகக் காலியாகவே இருக்கிறது.

நேர்முகத்துக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் போங்கள், ஆனால் நீங்களும் அவர்களை நேர்முகம் செய்யுங்கள். கொம்ப்ளையன்ஸ் பிரிவு யாருக்கு அறிக்கை கொடுக்கிறது என்று கேளுங்கள். உற்பத்தி முகாமையாளருக்கு என்றால் அங்கே உங்களால் ஒன்றும் செய்ய முடியாது, பணிப்பாளர் சபைக்கோ சட்டப் பிரிவின் தலைவருக்கோ என்றால் யோசிக்கலாம். போன வருடம் எத்தனை முறைப்பாடு வந்தது என்று கேளுங்கள். 'ஒன்றுமில்லை' என்று பெருமைப்பட்டால் நான் மேலே சொன்ன பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஓ.டி. எல்லை தாண்டும் என்பதால் கடைசியாக எப்போது ஒரு ஏற்றுமதித் திகதியைத் தள்ளச் சொல்லி வாங்குகிறவரிடம் கேட்டீர்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு ஓர் உண்மையான சம்பவத்தைச் சொல்லக்கூடிய ஆள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தால், சீனியரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு அந்த வேலையை எடுங்கள், நான் மேலே எழுதியதையெல்லாம் மீறி. அப்படிப்பட்ட ஒருவரின் கீழ் படிக்கிற வாய்ப்பு அடிக்கடி வராது.

மாமாவை நேர்முகத்துக்கு முதல் நாள் போய்ச் சந்தியுங்கள். அந்தக் குழுமத்தின் எந்தத் தொழிற்சாலையில் சங்கம் இருக்கிறது, எதில் அமைக்க விடவில்லை, யாரை எப்போது நிறுத்தினார்கள் என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு இருக்கும். எந்த ஆண்டறிக்கையிலும் அது அச்சிடப்படுவதில்லை. ஏசிக்கொண்டே சொல்வார், எழுதி எடுங்கள்.

வேலை தந்தால் நியமனக் கடிதத்தை அதே இடத்தில் கையெழுத்திட வேண்டாம். பயிற்சிச் செலவு என்று சொல்லி, இத்தனை வருடம் நிற்காவிட்டால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று பொண்ட் ஒன்று உள்ளே இருக்கலாம். இரகசியம் பேணும் வாசகம் எவ்வளவு அகலமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். சட்ட மீறல் ஒன்றைத் தொழில் திணைக்களத்துக்குச் சொல்வதையே தடுக்கிற மாதிரி இருந்தால் அந்த வரியை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கேட்கும்போது அவர்கள் முகம் எப்படிப் போகிறது என்பதையும் கவனித்துவிட்டு, கடிதத்தின் பிரதியை எனக்கு அனுப்பிவையுங்கள்.